ஈட்டி, பார்லி, நிலா: கிளான்சி சகோதரர்களின் ‘தி ரைசிங் ஆஃப் தி மூன்’ ஆல்பம்

இந்தப் பெயரில் ஆல்பம் ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. வாங்கப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அயர்லாந்துக்காரர்களான கிளான்சி சகோதரர்கள் பேடி, டாம், லியம் மூவரும் டாமி மேக்கமும் சேர்ந்து ஐரிஷ் கலகப் பாட்டுகளை 1956ல் ஒருமுறை பாடிப் பதிவு செய்தார்கள். அதில் வாத்தியம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஹார்மோனிகா அங்கங்கே எட்டிப் பார்க்கும், மற்றதெல்லாம் தொண்டைதான். 1959ல் அதே பாட்டுகளைத் திரும்பப் பாடி, கிடாரெல்லாம் சேர்த்து, அதே பெயரிலேயே வெளியிட்டார்கள். கடைகளிலும் ஸ்ட்ரீமிங்கிலும் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அட்டையில் 1956 என்று போட்டிருக்கும், உள்ளே 1959 பதிவு இருக்கும். முதல் பாட்டை அரை நிமிடம் ஓடவிடுங்கள். பாட்டு நெடுகக் கிடார் தாளம் கட்டிக்கொண்டே வந்தால் அது பிந்தைய பதிவு. குரல்கள் மட்டும் மொட்டையாக நின்றால் முந்தையது.

முதல்முறை கேட்பவர்கள் 1959 பதிவை வாங்கலாம். கிடார் தாளத்தைப் பிடித்துக்கொடுப்பதால் சொற்களைப் பின்தொடர்வது எளிது. இந்தப் பாட்டுகளைத் தாங்களும் பாடவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு 1956தான். மூச்சு எங்கே விடுகிறார்கள், எந்தச் சொல்லில் நின்று நகர்கிறார்கள், கோரஸில் மற்ற மூவரும் எந்த இடத்தில் உள்ளே விழுகிறார்கள் என்பதெல்லாம் அதில் பச்சையாகத் தெரியும்.

பதிவு நடந்த இடமே அதற்குக் காரணம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், நாட்டாரியல் ஆய்வாளர் கென்னத் கோல்ட்ஸ்டைன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பாடியது அது. அப்போது அவர்கள் ஒரு இசைக்குழுவே இல்லை. பேடியும் டாமும் நாடக நடிகர்கள். டிப்பரேரி மாவட்டத்து கேரிக்-ஆன்-ஷூர் ஊரில் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்துவிட்டு அமெரிக்கா போனவர்கள். கடைக்குட்டி லியம் நடிக்கும் ஆசையோடு 1956ல்தான் நியூயார்க் வந்து சேர்ந்தான். மேக்கம் வடக்கே ஆர்மா மாவட்டத்துக் கீடி ஊர்க்காரர். அவருடைய அம்மா சாரா மேக்கம், பாட்டு சேகரிப்பவர்கள் தேடிப்போய்ப் பதிவு செய்த பெரிய நாட்டுப்பாடகி. ஆல்பத்தை வெளியிட்ட ‘ட்ரெடிஷன்’ ரெக்கார்டு கம்பெனியை நடத்தியதே பேடிதான். ஆல்பம் விற்றது, பாடக் கூப்பிட்டார்கள், குழு பிறகு உருவானது. அவர்களுடைய அடையாளமாகிப்போன வெள்ளை ஸ்வெட்டரும் 1961 மார்ச்சில் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியும் அப்புறம் வந்த கதை.

நடிகர்கள் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஆல்பத்தின் பெரிய பலம் உச்சரிப்பு. ஐரிஷ் கலகப் பாட்டு ஆல்பங்களில் பாதி, மதுக்கடைக் கூச்சலில் சொல் கரைந்து போனவை. இங்கே ஒவ்வொரு ஊர்ப்பெயரும் காதில் முழுசாக விழுகிறது. இந்தப் பாட்டுகளில் ஊர்ப்பெயர் போனால் பாட்டே போய்விடும்.

இனி, இந்த ஆல்பத்தைக் கேட்கும் முறை. ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்த ஆண்டு, பாட்டு எழுதப்பட்ட ஆண்டு. கலகப் பாட்டு என்றால் போர்க்களத்தில் நின்றவன் பாடியது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஆல்பத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பாட்டுகள், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த 1798 கிளர்ச்சியைப் பற்றியவை. அவற்றில் முக்கியமானவற்றை எழுதியவர்கள் அந்தக் கிளர்ச்சி முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர்கள். பழைய தோல்வியைப் பாடி அடுத்த எழுச்சிக்கு ஆள் சேர்த்த பாட்டுகள் இவை.

தலைப்புப் பாட்டே இதற்கு நல்ல சாட்சி. நடப்பது 1798. ஷான் ஓ’ஃபேரல் என்பவன் ஓடிவந்து ஒருவன் காதில் சேதி சொல்கிறான்: இன்றிரவு நிலா எழும் நேரத்தில் ஆற்றங்கரையில் கூடவேண்டும், ஈட்டிகள் எல்லாம் அங்கே வந்து சேரவேண்டும். எழுதியவர் ஜான் கீகன் கேசி, 1846ல் பிறந்தவர். பாட்டு அச்சில் வந்தது 1866ல். அப்போது அயர்லாந்து விடுதலைக்கான ஃபீனியன் இயக்கம் அடுத்த எழுச்சிக்கு ரகசியமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. 1867ல் கேசியைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1870ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். பாட்டுக்குள் கிசுகிசுக்கப்படும் அந்த உத்தரவு, பாட்டை அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். மெட்டு புதிதல்ல, ‘தி வேரிங் ஆஃப் தி கிரீன்’ என்ற பழைய பாட்டின் மெட்டு. எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை வைத்தால் பாட்டு ஒரே வாரத்தில் ஊர் தாண்டும். இந்த ஆல்பத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் உத்தி இது.

ஈட்டி என்று இங்கே வருவது, கையால் எறியும் சின்ன ஈட்டி இல்லை. 8 முதல் 12 அடி நீளத்துக்கு மரக்காம்பு, முனையில் ஊர்க்கொல்லன் அடித்த இரும்பு. சிலவற்றில் பக்கவாட்டில் கொக்கியும் இருக்கும், குதிரைக்காரனின் கடிவாள வாரை அறுக்க. துப்பாக்கி இல்லாத குடியானவன் குதிரைப்படையை எதிர்க்க முடிந்தது இதனால்தான். பீரங்கிக்கு முன்னால் நிற்க முடியாமல் போனதும் இதனால்தான். கூரை வேய்ந்த புல்லுக்குள் ஒளித்துவைப்பார்கள். அது தெரிந்து கேட்டால், நிலா வெளிச்சத்தில் ஈட்டி முனைகள் மின்னும் வரி கண்ணுக்குள் நிற்கும்.

அடுத்து வரும் ‘தி ஃபாகி டியூ’தான் ஆல்பத்தின் உச்சம் என்பேன். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியைப் பாடுகிறது. எழுதியவர் சார்ல்ஸ் ஓ’நீல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். 1919 ஜனவரியில் டப்ளினில் கூடிய முதல் ஐரிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் பெயர்களை வாசித்தபோது, பெயருக்குப் பெயர் ‘அந்நியன் சிறையில்’ என்றே பதில் வந்ததாம். அதைக் கேட்டு மனம் கலங்கித்தான் எழுதினார் என்பார்கள். மெட்டு ‘மூர்லக் ஷோர்’ என்ற காதல் பாட்டினுடையது.

இதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாட்டு முழுவதும் திறந்துகொள்ளும். சுவ்லா, சூட்-எல்-பார் என்று இரண்டு பெயர்கள் வரும். அயர்லாந்தில் இல்லாத ஊர்கள். இரண்டும் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் இருக்கின்றன. முதல் உலகப்போரில், 1915 ஏப்ரலில் செத்-எல்-பஹ்ர் (பாட்டின் சூட்-எல்-பார்) கடற்கரையில் டப்ளின், மன்ஸ்டர் படைப்பிரிவுகளின் ஐரிஷ் இளைஞர்கள் படகிலிருந்து கால் வைக்கும் முன்பே சுடப்பட்டு விழுந்தார்கள். ஆகஸ்டில் சுவ்லாவில் 10ஆம் ஐரிஷ் டிவிஷன் அடிபட்டது. எல்லாரும் பிரிட்டிஷ் சீருடையில் போனவர்கள். அங்கே சாவதைவிடச் சொந்த மண்ணில் சாவதே மேல் என்கிறது பாட்டு. திட்டவில்லை, ஏளனம் செய்யவில்லை. அந்தப் பையன்களின் கல்லறைகள் எங்கோ தொலைதூரக் கடலோரத்தில் தனியே கிடக்கின்றனவே என்று வருந்துகிறது. எதிரி சீருடை போட்டுச் செத்த தன் ஊர்க்காரனுக்கும் ஒரு துளி கண்ணீர் வைத்திருக்கிற கலகப் பாட்டு இது. பாதிரியார் எழுதியதால் வந்த நிதானம் என்று எனக்குத் தோன்றும்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. இதே பெயரில், கிட்டத்தட்ட இதே பெயரில், ஒரு ஆங்கிலேயக் காதல் பாட்டும் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் வரியில் ஈஸ்டர் காலை வந்தால் சரியான பாட்டு. ஒப்பிட்டுக் கேட்க விரும்பினால், 1995ல் சீஃப்டன்ஸ் குழுவின் ‘தி லாங் பிளாக் வெய்ல்’ ஆல்பத்தில் ஷினேட் ஓ’கானர் பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரங்கல் ஊர்வலம் போல நடக்கும். இவர்களுடையது சேதி சொல்கிறவன் நடை. எனக்கு இரண்டும் வேண்டும்.

‘தி மின்ஸ்ட்ரல் பாய்’ தாமஸ் மூர் எழுதியது. 1808 முதல் தொகுதி தொகுதியாக வந்த அவருடைய ‘ஐரிஷ் மெலடீஸ்’ வரிசைப் பாட்டு. போருக்குப் போகும் பாடகச் சிறுவன், பிடிபட்டு விழும்போது தன் யாழின் நரம்புகளைத் தானே அறுத்துவிடுகிறான், அடிமை மண்ணில் அது ஒலிக்கக்கூடாது என்று. வரவேற்பறைப் பியானோவுக்கென்று பிறந்த பாட்டு இது, பக்கத்தில் உள்ளவற்றோடு கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கிறது. பாடுகிறவர்களுக்கு ஒன்று: சுருதியைத் தாழ்த்தி எடுங்கள். மெட்டு ஒரு ஆக்டேவை (ஸ்தாயியை) தாண்டி ஏறும். முதலடி சௌகரியமாக இருக்கிறதே என்று உயரத்தில் தொடங்கினால் மூன்றாமடியில் குரல் கிழியும்.

‘தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி’யை எழுதியவர் லிமெரிக்கைச் சேர்ந்த ராபர்ட் ட்வையர் ஜாய்ஸ். கிளர்ச்சிக்குப் போகலாமா, காதலியோடு இருந்துவிடலாமா என்று ஒருவன் தவித்து உட்கார்ந்திருக்கிறான். போகிறேன் என்று முடிவைச் சொல்லி அவள் கண்ணீரைத் துடைக்கும்போதே துப்பாக்கிக் குண்டு ஒன்று அவள் விலாவில் பாய்ந்துவிடுகிறது. பாட்டில் காற்று பார்லியை அசைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பார்லி வெறும் வயல் வர்ணனை இல்லை. 1798ல் கிளர்ச்சிக்காரர்கள் வழிச்சாப்பாட்டுக்குப் பார்லி மணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். கொல்லப்பட்டவர்களைக் குழிகளில் மொத்தமாகத் தள்ளி மூடினார்கள். அந்தக் குழிகளின் மேல் பிறகு பார்லி முளைத்தது என்று சொல்வார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களைப் போல முடியை ஒட்ட வெட்டியிருந்ததால் அவர்களுக்குக் ‘கிராப்பி’ என்று பெயர். பல ஆல்பங்களில் இந்தப் பாட்டை இழுத்து இழுத்து அழுவார்கள். இங்கே அழுகை கிடையாது, கதை நேராகப் போகிறது. குண்டு பாயும் வரி எச்சரிக்கை இல்லாமல் வந்து விழுவதால்தான் வலிக்கிறது.

வெக்ஸ்போர்டு மாவட்டப் பாட்டுகள் இரண்டு. ‘கெல்லி, த பாய் ஃப்ரம் கில்லான்’, ‘பூலவோக்’. இரண்டையும் எழுதியவர் பி.ஜே.மக்கால் (1861–1919). 1898ல் கிளர்ச்சியின் நூற்றாண்டை அயர்லாந்து முழுக்கக் கொண்டாடினார்கள். பூலவோக் அந்தச் சூட்டில் பிறந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஆல்பத்தில் தள்ளித் தள்ளி வந்தாலும்.

பூலவோக் ஒரு வரைபடம். வெக்ஸ்போர்டு மேப்பை விரித்து வைத்துக்கொண்டே கேட்கலாம். ஜான் மர்ஃபி என்ற பாதிரியார், முதலில் ஆயுதத்தை ஒப்படைத்துவிடுங்கள் என்று தன் மக்களுக்குச் சொன்னவர். அரசுப் படை அப்புறமும் வீடுகளைக் கொளுத்தவே, 1798 மே 26 அன்று அவரே முன்னால் நின்றார். மறுநாள் ஊலார்ட் குன்றில் வெற்றி, அதற்கு மறுநாள் எனிஸ்கார்த்தி ஊர் கைக்கு வந்தது. ஜூன் 21ல் ஸ்லேனி ஆற்றங்கரை வினிகர் ஹில்லில் பீரங்கிகள் எல்லாவற்றையும் முடித்துவைத்தன. ஜூலை தொடக்கத்தில் டல்லோ ஊர்ச் சந்தையில் மர்ஃபியைச் சித்திரவதை செய்து தூக்கிலிட்டு, உடலைத் தார்ப்பீப்பாயில் போட்டு எரித்தார்கள். ஐந்தாறு வாரக் கதை. மக்கால் இதை மூன்று தாள நடையில், ‘யூல் ஹார்பர்’ என்ற பழைய மெட்டில், ஒரு மாலைநேரக் காட்சி போலத் தொடங்குகிறார். பலர் இதை வால்ட்ஸ் ஆட்டம் போல ஓட்டிவிடுகிறார்கள். அப்படி ஓட்டினால் கடைசிச் சரணம் கெட்டுவிடும். எரித்த உடலைச் சொல்லும் இடத்தில் தாளம் துள்ளக்கூடாது.

கெல்லி பாட்டு வேறு வகை. கேள்வி பதில். என்ன சேதி, என்ன சேதி என்று ஒருவன் கேட்கிறான். கேட்கப்படுகிறவன் ஷெல்மலியர், அதாவது வெக்ஸ்போர்டு கடலோரத்துக்காரன். அவன் கையில் இருக்கும் நீளக்குழல் துப்பாக்கி, சதுப்பில் இறங்கும் நீர்ப்பறவைகளைச் சுட வைத்திருந்தது. கிளர்ச்சிப் படையில் குறிபார்த்துச் சுடத் தெரிந்தவர்கள் இவர்களே. இந்த ஒரு விவரம் தெரிந்தால் முதல் வரியே பாதிப் போரைச் சொல்லிவிடும். ஜான் கெல்லி 1798 ஜூன் 5ல் நியூ ராஸ் தாக்குதலில் முன்னணியில் நின்று காயம்பட்டவர். வெக்ஸ்போர்டு மறுபடி அரசுப்படை கைக்குப் போனதும் படுக்கையிலிருந்து இழுத்துப்போய்ப் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். பாட்டில் அவருக்கு ஏழடிக்கு மேல் உயரம். பாட்டில் மட்டும்தான்! நூறாண்டு வாயில் புழங்கிய பெயர் அவ்வளவு வளரும். இந்தப் பாட்டுக்கு நால்வரின் கோரஸ் அருமையாகப் பொருந்துகிறது. பின்னாளில் டப்ளினர்ஸ் குழுவின் லூக் கெல்லி பாடியதை மட்டும்தான் இதற்கு மேலே வைப்பேன்.

‘தி மென் ஆஃப் த வெஸ்ட்’ இந்த இரண்டுக்கும் பதில் போல. வெக்ஸ்போர்டையே பாடுகிறீர்களே, மேற்கே மேயோவில் எழுந்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்குகிறது. எழுதிய வில்லியம் ரூனி 1901ல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்தவர். 1798 ஆகஸ்ட் 22ல் ஜெனரல் ஹம்பேர் தலைமையில் ஆயிரத்துச் சொச்சம் பிரெஞ்சு வீரர்கள் கில்லாலா அருகே இறங்கினார்கள். 27ல் காசில்பாரில் பிரிட்டிஷ் படை அலறியடித்து ஓடியது. பாட்டின் குதூகலம் அங்கேதான் நிற்கிறது. செப்டம்பர் 8ல் பாலினமக்கில் நடந்ததைப் பாட்டு சொல்லாது: பிரெஞ்சுக்காரர்களைப் போர்க்கைதிகளாக மரியாதையோடு நடத்தினார்கள், கூட நின்ற ஐரிஷ்காரர்களை வெட்டிச் சாய்த்தார்கள். மெட்டு ‘ரோசின் த போ’ என்ற குடிப்பாட்டு. கூட்டமாகப் பாட இதைவிட எளிய பாட்டு ஆல்பத்தில் இல்லை. கிடார் புதிதாகப் பிடிப்பவர்கள் ஜி, சி, டி என மூன்று கார்டில் இதிலிருந்தே தொடங்கலாம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் ‘கெவின் பேரி’. 18 வயது மருத்துவ மாணவன், ஐரிஷ் விடுதலைப் படையில் இருந்தவன். 1920 செப்டம்பர் 20ல் டப்ளின் சர்ச் தெருவில், ரொட்டி வாங்க வந்த பிரிட்டிஷ் ராணுவ லாரியை மறித்து ஆயுதம் பறிக்கப் போனவர்களில் ஒருவன். துப்பாக்கி சிக்கிக்கொண்டது, லாரிக்கு அடியில் ஒளிந்தான், பிடித்துவிட்டார்கள். நவம்பர் 1 திங்கட்கிழமை காலை மவுண்ட்ஜாய் சிறையில் தூக்கு. பாட்டின் முதல் வரியில் வரும் திங்கட்கிழமை, நாட்காட்டிக்குச் சரியாக இருக்கிறது. கூட இருந்தவர்கள் பெயரைச் சொல்லச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்று பாட்டு சொல்வதும் கற்பனை அல்ல, சிறையிலிருந்து அவன் சத்தியப் பிரமாணமே எழுதிக்கொடுத்தான். எழுதிய கவிஞர் யாரென்று தெரியாத பாட்டு. சம்பவச் சூட்டிலேயே பிறந்தது என்பதால் மற்றவற்றில் இருக்கும் அலங்காரம் இதில் இல்லை. ஆனால் பாட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். அந்த லாரிப் பக்கம் மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் இறந்தார்கள். அவர்களும் பையன்கள்தான். அவர்கள் பாட்டில் இல்லை. கலகப் பாட்டு என்ற வகையே அப்படித்தான், யாருக்காக அழவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. ‘ஃபாகி டியூ’வை உயர்த்திச் சொன்னது இதனால்தான்.

பேரி தூக்கிலேறிய மறுநாள், நவம்பர் 2, இந்தியாவில் தக்‌ஷாய் சிறையில் ஜேம்ஸ் டேலி என்ற ஐரிஷ் சிப்பாயைச் சுட்டுக் கொன்றார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் கனாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவில், அயர்லாந்தில் நடக்கும் அட்டூழியத்தை எதிர்த்து ஜலந்தரிலும் சோலனிலும் துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களில், சோலன் பகுதியினருக்குத் தலைவர் அவர்.

‘டிப்பரேரி ஃபார் அவே’ இதே காலத்தது. 1920 அக்டோபர் 14ல் டப்ளின் டால்பட் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்ட விடுதலைப் போராளி ஷான் ட்ரேசியை எண்ணிப் பாடுவது. நட்டநடுத் தெருவில், கடை வாசலில் நடந்த துப்பாக்கிச் சண்டை அது. பாட்டில் அது நிலவொளியில் நனையும் போர்க்களமாகி, சாகும் வீரன் தோழனிடம் ஊருக்குச் சேதி சொல்வதாக மாறிவிட்டது. ஆல்பத்தில் எனக்குப் பலவீனமாகப் படுவது இந்தப் பாட்டுதான். சொல் எல்லாம் பழைய பாட்டுகளிலிருந்து கடன் வாங்கியது. டிப்பரேரிக்காரர்களான கிளான்சிகள் தம் மாவட்டத்துப் பாட்டை விட மனம் வராமல் சேர்த்திருக்கலாம். அதைக் குறை சொல்ல முடியாது.

சிரிக்கவைக்கும் பாட்டுகள் இரண்டு உண்டு. ‘வாக் ஃபோல் த டிடில்’ எழுதியவர் பீடர் கியர்னி, அயர்லாந்தின் தேசிய கீதத்துக்குச் சொல் தந்தவர். இங்கிலாந்துக்கு நன்றி சொல்லிச் சொல்லியே அதன் மானத்தை வாங்குவார். இன்னொன்று ‘நெல் ஃபிளாஹர்டீஸ் டிரேக்’. நெல் என்பவளின் ஆண்வாத்தை யாரோ கொன்று தின்றுவிட்டார்கள். அவள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறாள். திருடனின் பன்றி உறுமாமல் போக, பூனை எலி பிடிக்காமல் போக, பேய் பிடிக்க, பல் விழ என்று சாபம் நீண்டுகொண்டே போகும். வேகமாக, மூச்சு விடாமல், ஆனால் ஒரு சாபம்கூட வாயில் நசுங்காமல் பாடவேண்டும். நடிகன் நாக்கு எதற்கு உதவும் என்பதை இங்கே கேட்கலாம். பச்சைக் கழுத்துள்ள அந்த வாத்து, 1803ல் தூக்கிலிடப்பட்ட ஐரிஷ் கிளர்ச்சித் தலைவர் ராபர்ட் எம்மெட்தான் என்று சொல்வார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாத்துக்காகவே இந்தப் பாட்டைக் கேட்கலாம்.

ஐரிஷ் மொழிப் பாட்டு ஒன்றே ஒன்று: ‘ஏமன் அன் ஹ்னிக்’, குன்றுக்காரன் ஏமன். 17ஆம் நூற்றாண்டில் நிலத்தைப் பறிகொடுத்துக் காட்டில் திரிந்த டிப்பரேரிக்காரன். இரவு, மூடிய கதவு. வெளியே யார் அது, குரல் கரகரக்கக் கதவைத் தட்டுவது? நான்தான் ஏமன், மலையும் பள்ளமும் நடந்து தொப்பலாக நனைந்திருக்கிறேன். உள்ளே இருப்பவள் என்ன செய்வாள்? என் பாவாடை முனையால் உன்னைப் போர்த்தலாம், வேறென்ன இருக்கிறது, குண்டு மழையாகப் பெய்தால் இரண்டு பேரும் சேர்ந்தே சாவோம் என்கிறாள். கொடி இல்லை, ஈட்டி இல்லை, தேசம் என்ற சொல்கூட இல்லை. மொழி புரியாவிட்டாலும் இந்தச் சாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இப்படி இன்னும் இரண்டாவது இதில் இருந்திருக்கவேண்டும்.

குறை என்று கேட்டால், வடக்கு இல்லை. 1798ல் ஆன்ட்ரிம், டவுன் மாவட்டங்களில் எழுந்தவர்களில் பெரும்பகுதி பிரஸ்பிட்டேரியன் புராட்டஸ்டண்டுகள். இந்த ஆல்பத்தை மட்டும் கேட்டால் கிளர்ச்சியே கத்தோலிக்கர்களுடையது என்று தோன்றிவிடும். பாடகர்களில் ஒருவர் வடக்கத்தியராக இருந்தும் இப்படி. பெண்குரலும் இல்லை. இதே நால்வர் 1961ல் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட ட்ரெடிஷன் ஆல்பத்தில் ‘ராடி மக்கார்லி’ இருக்கிறது, ஆன்ட்ரிம் மாவட்டத்துப் பாட்டு. அதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ‘தி கிராப்பி பாய்’ ‘ரைசிங் ஆஃப் தி மூன்’ ஆல்பத்திலேயே உண்டு. மற்றப் பாடகர்களிடம் அதைத் தேடும்போது கவனம், அந்தப் பெயரில் இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. பாவமன்னிப்புக் கேட்கப் போன பையன் முன்னால் பாதிரி வேடத்தில் உட்கார்ந்திருந்தது எதிரிப் படை அதிகாரி என்பது 1845ல் அச்சான பாட்டு. வசந்தகாலத்து அதிகாலையில் தொடங்குவது தெருவில் அச்சடித்து விற்ற பழைய பாட்டு.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் இந்தப் பாட்டுகளை எடுத்து ‘பெஸ்ட் ஆஃப்’ என்று தொகுத்து விற்கலாம், விற்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும், ஆனால் வரிசை கலைந்திருக்கும், இரண்டு பதிவுகளும் கலந்திருக்கும், எழுதியவர் பெயர் எல்லாவற்றுக்கும் ‘ட்ரெடிஷனல்’ என்று போட்டிருக்கும். கேசியும் மக்காலும் ஓ’நீலும் எழுதியதை யாரோ எழுதியது என்று போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எல்.பி. இசைத்தட்டு தேடுகிறவர்கள், பழைய மோனோ (ஒற்றைத் தட) பதிவை மின்கருவியால் இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று ஒட்டி விற்ற மறுபதிப்புகளை விட்டுவிடுங்கள். அட்டையில் ‘எலக்ட்ரானிக்கலி’ என்று தொடங்கும் ஸ்டீரியோ வாசகம் இருந்தால் அதுதான். குரலைச் சுற்றி ஒரு பொய்யான எதிரொலி கட்டிக்கொள்ளும், சொல்லின் விளிம்பு மழுங்கும். இப்படிப்பட்ட ஆல்பத்துக்கு அது பெரிய நஷ்டம். மோனோ எல்.பி.யை ஸ்டீரியோ செட்டில் போடும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், கீறல் சத்தம் கணிசமாகக் குறையும். அடிக்கடி மோனோ கேட்பவர்கள் 25 மைக்ரான் உருண்டை முனை ஊசி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. இப்போதைய ஸ்டீரியோ ஊசிமுனை அதைவிடச் சிறியது, தேய்ந்த பழைய பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கைக் கிளறும்.

பாடப்போகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு வேகம். தலைப்புப் பாட்டில் பாதி, இருவர் ரகசியமாகப் பேசுவது. அணிவகுப்பு போல அடித்துக்கொண்டு போனால் ரகசியம் ஏது? முதல் சரணத்தைத் தாழ்ந்த குரலில் ஒருவர் மட்டும் பாடி, நிலா எழும் அடியில் மற்றவர்கள் சேருங்கள். ‘ஃபாகி டியூ’வை இ மைனர் வடிவத்தில் வாசித்து, ஆண்குரலுக்கு ஏற்ப இரண்டாவது அல்லது மூன்றாவது ஃப்ரெட்டில் காபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடலாம். இடது கை எளிது. வலது கைதான் கெடுக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் மேலும் கீழுமாக அடிக்காமல், ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் தட்டில் ஒரு பேஸ் கம்பியைத் தட்டிவிட்டு விட்டுவிடுங்கள். சரணங்கள் நிறைய இருக்கின்றன என்று நடுவில் வெட்டாதீர்கள். வழக்கமாக வெட்டப்படுவது கலிப்போலிக் கல்லறைகள் வரும் பகுதிதான், பாட்டின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

ஒருமுறை அட்டையில் உள்ள வரிசையில் கேட்டு முடித்தபின், எழுதப்பட்ட கால வரிசையில் அடுக்கி இன்னொருமுறை ஓடவிடுங்கள். ஏமன் முதலில், பிறகு மூர், ட்வையர் ஜாய்ஸ், கேசி, மக்காலின் இரண்டு, ரூனி, கியர்னி, ஓ’நீல், கடைசியில் பேரியும் ட்ரேசியும். கதவு தட்டிய ஒருவனில் தொடங்கி, சரணத்துக்குச் சரணம் கூட்டம் சேர்ந்து, மவுண்ட்ஜாயில் மறுபடி ஒரே ஒரு பையனில் வந்து நிற்கும்.